பிள்ளைகளுக்கு வீடு தேடித் தந்த பெர்ல் பக்

பெர்ல் பக் என்ற பெயரைக் கேட்டதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது ஒரு நாவல்தான். 1931இல் வெளிவந்த தி குட் எர்த். சீனத்துக் குடியானவன் வாங் லுங்கும் அவன் மனைவி ஓ-லானும் மண்ணோடு மல்லுக்கட்டி வாழ்ந்த கதை. ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் மட்டுமல்ல, விடுதி அறையில் யாரோ விட்டுப் போன பிரதியை எடுத்துப் புரட்டிவிட்டுக் கீழே வைக்க முடியாமல் படித்தவர்களும் நம்மிடையே இருப்பார்கள். 1932இல் புலிட்சர் பரிசு, 1938இல் நோபல் பரிசு. இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற முதல் அமெரிக்கப் பெண்மணி அவர்.

ஆனால் இந்த மலரில் நாம் பார்க்கப் போவது எழுத்தாளர் பெர்ல் பக்கை அல்ல. யாருக்கும் வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளுக்கு நிலையான வீடு தேடித் தந்த பெர்ல் பக்கை. இருபத்தைந்து ஆண்டுகள் அவர் தம் பணம், புகழ், நேரம் மூன்றையும் கொட்டியது இந்த வேலைக்குத்தான். நோபல் பரிசைப் பற்றிப் பொது அறிவுப் புத்தகங்களில் எல்லாம் இருக்கிறது. இதைப் பற்றி நம் பக்கத்தில் அவ்வளவாக யாரும் சொல்வதில்லை.

முதலில் ஒரு சின்ன விளக்கம். பெற்றவர்களால் வளர்க்க முடியாத குழந்தையை அரசோ, ஒரு நிறுவனமோ தற்காலிகமாக ஒரு வளர்ப்பு வீட்டில் ஒப்படைப்பது ஒரு முறை. சோறு, துணி, படிப்பு எல்லாம் கிடைக்கும். ஆனால் அந்தக் குழந்தை அந்த வீட்டுப் பிள்ளை ஆகாது. எப்போது வேண்டுமானாலும் மூட்டையைக் கட்டிக்கொண்டு இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டி வரலாம். தத்து என்பது வேறு. அதில் குழந்தை சட்டப்படி அந்தக் குடும்பத்தின் பிள்ளை. திருப்பி அனுப்புகிற பேச்சே கிடையாது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தைக் கடக்க முடியாமலே எத்தனையோ குழந்தைகள் வளர்ந்து பெரியவர்கள் ஆகிவிடுகிறார்கள். பெர்ல் பக் அக்கறை கொண்டது அந்தத் தூரத்தைப் பற்றித்தான்.

சீனத்தில் வளர்ந்த அமெரிக்கப் பெண்

1892ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் ஹில்ஸ்பரோ என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். தந்தை அப்சலம் சைடன்ஸ்ட்ரிக்கர், தாய் காரலைன். இருவரும் சீனத்தில் ஊழியம் செய்துகொண்டிருந்த பிரஸ்பிடேரியன் மிஷனரிகள். விடுப்பில் ஊருக்கு வந்திருந்தபோது பெண் பிறந்தாள். கைக்குழந்தையாக இருக்கும்போதே சீனத்துக்குத் திரும்பிவிட்டார்கள். யாங்சி ஆற்றங்கரையில் உள்ள ஜென்ஜியாங் என்ற ஊர்தான் அவர் வளர்ந்த ஊர்.

காரலைன் பெற்றது ஏழு பிள்ளைகள். தங்கியது மூன்றுதான். பிள்ளைகளைப் பறிகொடுத்த தாயின் துக்கத்தைப் பார்த்துக்கொண்டே அந்தச் சிறுமி வளர்ந்தாள். அவளை வளர்த்ததில் பெரும்பங்கு வாங் அம்மா என்ற சீன ஆயாவுக்கு உண்டு. ஆயா சொன்ன கதைகள், சமையற்காரர் சொன்ன கதைகள், தெருப் பிள்ளைகளோடு விளையாட்டு என்று ஆங்கிலமும் சீனமும் அவளுக்கு ஒரே சமயத்தில் தாய்மொழி ஆகிவிட்டன.

வீட்டுக்குப் பின்னால் குன்றுகள், புல்வெளி, கல்லறை மேடுகள். பெண் குழந்தை வேண்டாம் என்று பிறந்தவுடன் வீசப்பட்ட சிசுக்களின் எலும்புகளை அங்கே அந்தச் சிறுமி கண்டிருக்கிறாள். நாய்கள் இழுத்துப் போட்டவற்றை எடுத்து மண்ணில் புதைத்திருக்கிறாள். பின்னாளில் அவர் செய்த வேலைக்கு இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் வேண்டாத குழந்தை என்றால் என்ன என்பதை இவ்வளவு சின்ன வயதிலே பார்த்தவர்கள் குறைவு.

கல்லூரி நாட்கள்

1910இல் வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்க் நகரில் இருந்த ராண்டால்ஃப்-மேகன் மகளிர் கல்லூரியில் சேர்ந்தார். பதினெட்டு வயது. உடுத்தியிருந்ததோ சீனத் தையல்காரர் தைத்த உடை. அந்த ஊர்ப் பெண்களின் நாகரிகம், பேச்சு எதுவும் தெரியாது. என்னமோ காட்சிப் பொருளைப் பார்ப்பது போல எல்லாரும் பார்த்தார்கள். கிராமத்திலிருந்து நகரத்துக் கல்லூரிக்கு வந்து முதல் மாதம் கேன்டீன் பக்கம் போகவே கூச்சப்பட்டவர்களுக்கு அந்த வலி நன்றாகத் தெரியும்!

சும்மா இருப்பாரா பெர்ல்? ஊரோடு ஒத்து உடையை மாற்றிக்கொண்டார், பேச்சைப் பழகிக்கொண்டார், வகுப்புத் தலைவியாகவும் ஆனார். ஆனால் உள்ளுக்குள் இரண்டு உலகத்துக்கும் சொந்தம், ஒன்றுக்கும் முழுச் சொந்தம் இல்லை என்ற உணர்வு கடைசிவரை போகவில்லை. 1914இல் பட்டம் பெற்று, சில காலம் அதே கல்லூரியில் கற்பித்தலில் உதவியாக இருந்துவிட்டு, தாயின் உடல்நிலை கெட்டதால் சீனம் திரும்பினார். 1926இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. பட்டமும் பெற்றார்.

கேரல்

1917இல் ஜான் லாசிங் பக் என்ற வேளாண் பொருளியல் அறிஞரை மணந்தார். 1920 மார்ச்சில் முதல் குழந்தை கேரல் பிறந்தாள். அழகான குழந்தை. பிரசவத்தின்போது தாயின் கருப்பையில் ஒரு கட்டி இருப்பது தெரிந்தது. அமெரிக்காவில் அறுவைச் சிகிச்சை நடந்தது. இனிப் பிள்ளைப் பேறு இல்லை என்றாகிவிட்டது.

இருந்த ஒரே குழந்தையும் வளர வளரப் பேச்சு வரவில்லை, பார்வை நிலைக்கவில்லை, உடம்பில் ஒருவித வாடை. டாக்டர் டாக்டராக அலைந்தார். 1924இல் விடுப்பில் அமெரிக்கா வந்தபோது மினசோட்டாவின் மேயோ மருத்துவமனைக்குக் கொண்டு போனார். பெரிய டாக்டர் நம்பிக்கையை விடாமல் ஏதோ சொல்லி அனுப்பினார். வெளியே வந்தவரை இன்னொரு டாக்டர் நிறுத்தி, இந்தக் குழந்தையின் மூளை வளராது, வீண் நம்பிக்கையில் வாழ்நாளைத் தொலைக்காமல் பெண்ணுக்குப் பாதுகாப்பான ஓர் இடம் தேடுங்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அந்த நேரத்தில் ஈட்டியாகக் குத்திய அந்த வார்த்தைகளுக்காகப் பின்னாளில் பெர்ல் பக் நன்றி பாராட்டியிருக்கிறார்.

கேரலுக்கு இருந்த நோய் பீனைல்கீட்டோனூரியா. சுருக்கமாகப் பி.கே.யூ. புரதத்தில் உள்ள ஒரு பொருளை உடம்பு செரிக்க முடியாமல் அது தேங்கி மூளையைக் கெடுக்கிற பிறவிக் கோளாறு. நார்வே நாட்டு டாக்டர் ஃபோலிங் இதைக் கண்டறிந்ததே 1934இல்தான். உணவுக் கட்டுப்பாட்டால் தடுக்கலாம் என்பது 1950களில் தெரிந்தது. கேரலுக்கு அதெல்லாம் காலம் கடந்த அறிவு.

1927 மார்ச்சில் நாஞ்சிங் நகருக்குள் படைகள் புகுந்து வெள்ளைக்காரர்களைத் தாக்கியபோது, ஓர் ஏழைச் சீனப் பெண் தன் குடிசையில் இந்தக் குடும்பத்தை ஒளித்து வைத்துக் காப்பாற்றினாள். உடுத்திய துணியோடு தப்பி ஜப்பானுக்குப் போனார்கள். தமக்கு ஏதாவது ஆகிவிட்டால் கேரலை யார் பார்ப்பார்கள் என்ற கேள்வி அதற்குப் பிறகு அவரைத் தூங்கவிடவில்லை. 1929இல் நியூ ஜெர்சியில் வைன்லண்ட் பயிற்சிப் பள்ளியில் ஒன்பது வயது மகளை விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பினார். பெத்த தாய்க்கு அது எப்படி இருந்திருக்கும்! பள்ளிக் கட்டணம் கட்டப் பணம் வேண்டும், கடன் வாங்கினார். எழுதிச் சம்பாதித்தே தீர வேண்டும் என்ற நெருக்கடியில்தான் நாஞ்சிங் வீட்டு மேல்மாடி அறையில் தி குட் எர்த் உருவாயிற்று. அந்த நாவலில் வாங் லுங்கின் மூத்த மகள் மூளை வளராதவள். முரட்டுக் குடியானவன் அவளிடம் மட்டும் காட்டுகிற பரிவு எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா?

நோஞ்சான் குழந்தை

இதற்கு நடுவே 1925இல் நியூயார்க் மாநிலத்து அநாதை இல்லம் ஒன்றிலிருந்து ஒரு பெண் குழந்தையைத் தத்து எடுத்திருந்தார். ஜானிஸ் என்று பெயர். மூன்று மாதக் குழந்தை, பிறந்த எடையிலிருந்து ஏறவே இல்லை, பால் குடிக்காது. பிழைக்காது என்று மற்றவர்கள் கைவிட்ட குழந்தையைத்தான் அவர் தேர்ந்தெடுத்தார். வீட்டுக்கு வந்து மடியில் கிடந்ததும் குழந்தை பால் குடிக்கத் தொடங்கியது, தேறிவிட்டது.

இல்லத்தில் அதே பால்தான், அதே கட்டில்தான், சுத்தத்துக்கும் குறைவில்லை. இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: அந்தக் குழந்தைக்கென்று ஓர் ஆள். இந்தப் பாடம் அவர் மனத்தில் நன்றாகப் பதிந்துவிட்டது.

1935இல் மணமுறிவு. தம் பதிப்பாளர் ரிச்சர்ட் வால்ஷை மணந்து, பென்சில்வேனியாவில் பெர்க்கசி அருகே கிரீன் ஹில்ஸ் பண்ணையில் குடியேறினார். 1936இல் இரண்டு ஆண் குழந்தைகளைத் தத்து எடுத்தார். சிறிது காலத்தில் இன்னும் ஓர் ஆண், ஒரு பெண். வீடு நிறைந்துவிட்டது. பிள்ளைகள் ஒரு பக்கம், நாவல்கள் ஒரு பக்கம். போதாததற்கு ஆசிய மக்களுக்காகக் குரல் கொடுப்பது, இந்திய விடுதலைக்கு ஆதரவாக எழுதுவது, பேசுவது என்று ஓயாத வேலை. ஆர்.கே. நாராயணின் தி கைடு நாவலை ஆங்கிலத் திரைப்படமாக எடுத்தபோது திரைக்கதை எழுதியவரும் இதே பெர்ல் பக்தான்.

ஒரு குழந்தையின் வரவு

1948ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நெருங்கும் சமயம். தத்து நிறுவனம் ஒன்றிலிருந்து உதவி கேட்டு வந்தார்கள். பதினைந்து மாத ஆண் குழந்தை. தாய் வெள்ளை அமெரிக்கப் பெண், தந்தை இந்தியர். நல்ல ஆரோக்கியம், நல்ல புத்தி. ஆனால் தோல் நிறம் மாநிறம். வெள்ளைக் குடும்பம் எதுவும் வேண்டாம் என்கிறது. கறுப்பினக் குழந்தைகளுக்கான அநாதை இல்லத்துக்கு அனுப்புவது தவிர வழியில்லை. யாராவது இருக்கிறார்களா?

ஆம், அவருடைய இந்த முயற்சிக்குப் பிள்ளையார் சுழி போட்டது நம் நாட்டுத் தகப்பனுக்குப் பிறந்த ஒரு குழந்தை!

அன்றைய அமெரிக்காவை நினைத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் இனம் மாறித் திருமணம் செய்வதே குற்றம். அந்தச் சட்டங்களை உச்ச நீதிமன்றம் ஒழித்தது 1967இல்தான். தத்து கொடுப்பதில் பொருத்தம் பார்ப்பது என்று ஒரு வழக்கம். நம் ஊரில் ஜாதகப் பொருத்தம் பார்ப்பது போல, முடி நிறம், கண் நிறம், இனம், மதம் எல்லாம் பார்த்து, தத்துப் பிள்ளை என்று வெளியே தெரியாதபடி சேர்த்து வைப்பார்கள். பொருத்தம் இல்லாத குழந்தைக்கு ஏட்டில் ஒரு குறிப்பு எழுதப்படும்: தத்துக்குத் தகுதியற்றது. பாவம், பால் மணம் மாறாத குழந்தை எந்தத் தகுதியில் குறைந்துவிட்டதாம்?

பெர்ல் பக் தமக்குத் தெரிந்த இடங்களிலெல்லாம் விசாரித்தார். எங்கும் கதவு திறக்கவில்லை. சரி, குழந்தையை இங்கே கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார். சில வாரங்களில் சீனத் தகப்பனுக்குப் பிறந்த இன்னொரு குழந்தையும் வந்து சேர்ந்தது. கணவன் மனைவி இருவருக்கும் ஐம்பதைத் தாண்டிவிட்டது. பிள்ளைகள் தலையெடுக்கும்போது நாம் இருப்போமா என்ற கவலை. அக்கம்பக்கத்தாரைக் கூட்டினார். பக்கத்திலேயே ஒரு வீட்டை ஏற்பாடு செய்து, ஒரு தம்பதியைப் பெற்றோர் ஸ்தானத்தில் அமர்த்தினார். 1949இல் வெல்கம் ஹவுஸ் பிறந்தது. நல்வரவு இல்லம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த அக்கம்பக்கத்தாரும் லேசுப்பட்டவர்கள் அல்ல. பாடலாசிரியர் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் ஒருவர். வெள்ளைத் தகப்பனுக்கும் தீவுப் பெண்ணுக்கும் பிறந்த குழந்தைகளை வெறுக்கும் மனப்போக்கைச் சாடிய சவுத் பசிபிக் இசை நாடகம் அதே 1949இல்தான் அரங்கேறியது. அதன் மூலக்கதையை எழுதிய ஜேம்ஸ் மிச்சனர் இன்னொருவர். மிச்சனரே பெற்றோர் இன்னார் என்று அறியாமல், ஆதரவற்ற பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்த ஒரு பெண்மணியின் வீட்டில் அந்த வட்டாரத்திலேயே வளர்ந்தவர். இப்படிப்பட்டவர்கள் துணை நின்றார்கள்.

இல்லம் போதாது, குடும்பம் வேண்டும்

இங்கேதான் கதையில் முக்கியமான திருப்பம். தொடக்கத்தில் பெர்ல் பக் போட்ட திட்டம், இந்தக் குழந்தைகளை யாரும் தத்து எடுக்கமாட்டார்கள், ஆகவே அவர்கள் வளர்ந்து ஆளாகும்வரை இருக்க ஓர் இல்லம் கட்டுவது என்பதுதான். நல்ல எண்ணம்தான். ஆனால் அதற்குள்ளேயும் நிறுவனங்களின் தீர்ப்பு ஒளிந்திருந்தது. யாரும் எடுக்கமாட்டார்கள் என்பதை அவரும் பாதி நம்பியிருந்தார்.

இல்லத்தைப் பற்றிய செய்தி பரவியதும் கடிதங்கள் வரத் தொடங்கின. உதவி கேட்டு மட்டுமல்ல, பிள்ளை கேட்டு! நிறம் எங்களுக்குப் பொருட்டல்ல, கலப்பினக் குழந்தையானாலும் தாருங்கள் என்று தம்பதிகள் எழுதினார்கள். இத்தனை காலமும் பெற்றோர் இல்லாமல் போகவில்லை. யாரும் அவர்களைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். கேட்காமலே பதிலை எழுதிக்கொண்ட அதிகாரிகள் ஒரு பக்கம். காத்திருந்த குடும்பங்கள் மறுபக்கம். நடுவில் வளர்ப்பு வீடுகளிலும் அநாதை இல்லங்களிலும் வயது ஏறிக்கொண்டே போன குழந்தைகள்.

தம் திட்டத்தைத் தாமே மாற்றிக்கொண்டார் பெர்ல் பக். ஏற்கெனவே வந்துவிட்ட பிள்ளைகள் அந்த வீட்டுப் பிள்ளைகளாகவே வளர்ந்தார்கள். புதிதாக வந்தவர்களுக்குத் தத்துப் பெற்றோரைத் தேடும் நிறுவனமாக வெல்கம் ஹவுஸ் மாறியது. இனம் கடந்தும் நாடு கடந்தும் தத்து கொடுப்பதையே வேலையாகக் கொண்ட முதல் அமெரிக்க நிறுவனம் அதுவே. கொரியப் போருக்குப் பிறகு அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் பிறந்து அங்கே ஒதுக்கப்பட்ட குழந்தைகளும் வந்தார்கள். பெர்ல் பக்கே ஜெர்மனியிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கறுப்பினச் சிப்பாய்களுக்குப் பிறந்த பெண் குழந்தைகளைத் தம் வீட்டில் சேர்த்துக்கொண்டார். வெல்கம் ஹவுஸ் வழியாகக் குடும்பம் பெற்ற குழந்தைகள் மொத்தம் ஏழாயிரத்துக்கும் மேல். அதன் தத்துப் பணி 2014இல் நிறைவுபெற்றது.

1950இல் இன்னொரு கதவையும் திறந்தார். இருபது ஆண்டுகள் வெளியே சொல்லாமல் மறைத்து வைத்திருந்த கேரலின் கதையை முதலில் பத்திரிகையிலும் பிறகு தனிப் புத்தகமாகவும் எழுதினார். மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளையை வீட்டுக்குள் பூட்டி வைத்த காலம் அது. நோபல் பரிசு பெற்ற ஒருவர் தம் மகளைப் பற்றித் தயங்காமல் எழுதியது எத்தனையோ பெற்றோருக்கு ஊன்றுகோல் ஆயிற்று. தம் மகளை நிறுவனத்தில் விட்டவர் பிறருக்கு வீடு தேடுவது முரண்பாடு இல்லையா என்று கேட்கத் தோன்றலாம். நிறுவனத்தின் நன்மையும் தெரிந்தவர், அதன் எல்லையும் தெரிந்தவர் அவர். வேறு வழியே இல்லாதபோதுதான் நிறுவனம். வழி இருக்கும்போது அதைக் காட்டாமல் பிள்ளையை அங்கேயே வைத்திருப்பது அநியாயம். கேரலிடமிருந்து அவர் கற்றது இதுதான்.

நிறுவனங்களோடு சண்டை

1955 செப்டம்பரில் பெண்கள் பத்திரிகை ஒன்றில் காத்திருக்கும் குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பெரிய புயல் கிளம்பியது. பிள்ளைகளும் இருக்கிறார்கள், பெற்றோரும் இருக்கிறார்கள், பிறகு ஏன் சேரவில்லை? அவர் கேட்டது இந்த ஒரு கேள்விதான். பதிலையும் அவரே அடுக்கினார். மதம் ஒத்துப்போக வேண்டும் என்ற விதி, வயது வரம்பு, வீட்டில் தனியறை உண்டா என்ற கணக்கு, குழந்தையை விட்டால் நிறுவனத்துக்கு வேலையும் நிதியும் குறையுமே என்ற உள் பயம். சமூகப் பணியாளர்களும் மத அமைப்புகளும் கொதித்துப்போனார்கள். அவசரப்பட்டுக் கண்ட இடத்தில் பிள்ளையைக் கொடுத்துவிட்டால் யார் பொறுப்பு என்று திருப்பிக் கேட்டார்கள். அந்தக் கேள்வியிலும் நியாயம் உண்டு. விசாரணை இல்லாமல் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துவிட முடியாதுதான். ஆனால் விசாரணை என்ற பெயரில் ஒரு குழந்தைப் பருவமே கழிந்துவிட்டால்?

அவர் மிகைப்படுத்தவில்லை என்பது சீக்கிரமே தெரிந்தது. 1959இல் ஹென்றி மாஸ், ரிச்சர்ட் எங்லர் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் ஒன்பது பகுதிகளில் வளர்ப்பு வீட்டுக் குழந்தைகளைப் பற்றி ஆராய்ந்து புத்தகம் வெளியிட்டார்கள். தற்காலிகம் என்று வைக்கப்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோர் தங்கள் குழந்தைப் பருவத்தின் பெரும்பகுதியை அப்படியே கழித்துவிடக்கூடும் என்று கண்டார்கள். பெற்றோர் வந்து பார்ப்பதும் இல்லை. தத்துக்கு விடுவிப்பதும் இல்லை. கோப்பு மட்டும் மேசைக்கு மேசை நகர்ந்துகொண்டிருந்தது.

தாயோடு இருக்க முடிந்தால்

1964இல் தம் பெயரில் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். ஆசிய நாடுகளில் அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் பிறந்த எல்லாக் குழந்தைகளையும் அமெரிக்காவுக்குக் கொண்டுவர முடியாது, கொண்டுவருவதும் சரியல்ல. பெற்ற தாயோடு, பிறந்த மண்ணில் இருந்துகொண்டே படித்து முன்னேற உதவ வேண்டும் என்பது நோக்கம். கொரியா, ஒகினாவா, தைவான், பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, வியட்நாம் என்று பணி விரிந்தது. 1967இல் கொரியாவின் சோசாவில் ஒரு வாய்ப்பு மையம் திறக்கப்பட்டது. முதலில் தாய், முடியாவிட்டால் தத்துக் குடும்பம், இரண்டும் இல்லாதபோதே இல்லம். இன்று குழந்தை நலத் துறையில் எல்லாரும் சொல்கிற வரிசை இதுதான்.

குறையே இல்லாதவர் என்று சொல்ல வரவில்லை. 1969இல் அறக்கட்டளை நிர்வாகியின் நடத்தையையும் பண விவகாரங்களையும் பற்றிப் பத்திரிகையில் கடுமையான குற்றச்சாட்டுகள் வந்தன. நிர்வாகி விலகினார், பெர்ல் பக் கடைசிவரை அவரை விட்டுக்கொடுக்கவில்லை. நெருங்கியவர்களே வருந்திய விஷயம் அது. நாடு விட்டு நாடு தத்து கொடுத்ததிலும் பின்னாளில் பல கசப்பான உண்மைகள் வெளிவந்தன. கொரியாவிலிருந்து குழந்தைகளை அனுப்பியதில் ஆவணங்கள் திருத்தப்பட்டதை அந்நாட்டு உண்மை ஆணையமே 2025இல் அறிவித்தது. பிள்ளைக்கு வீடு தேடுகிற அவசரத்தில் பிள்ளையைப் பெற்றவளின் குரல் அமுங்கிவிடக் கூடாது என்பது அனைவரும் கற்க வேண்டிய பாடம்.

1972இல் சீனம் போய்ப் பார்க்க விரும்பினார், அனுமதி மறுக்கப்பட்டது. 1973 மார்ச் 6ஆம் நாள் வெர்மான்ட் மாநிலத்தில் டான்பி என்ற ஊரில் காலமானார். கிரீன் ஹில்ஸ் பண்ணையிலேயே அடக்கம். கல்லறைக் கல்லில் ஆங்கிலப் பெயர் இல்லை. சீன எழுத்தில் அவருடைய பிறந்த வீட்டுப் பெயர் மட்டும். கேரல் 1992வரை, எழுபத்திரண்டு வயது வரை, வைன்லண்டிலேயே வாழ்ந்தார். தாயின் எழுத்துச் சம்பாத்தியம் கடைசிவரை அவரைக் காத்தது.

பின்னே வந்த சட்டங்கள்

பெர்ல் பக் மறைந்த பிறகு, அவர் கேட்ட கேள்விகளுக்குச் சட்டமே பதில் சொல்லத் தொடங்கியது. 1980இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், வளர்ப்பு வீட்டில் உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் நிலையான ஏற்பாடு என்ன என்று குறித்த காலத்துக்குள் விசாரித்தாக வேண்டும் என்றது. ஊனமுற்ற, வயது வந்த பிள்ளைகளைத் தத்தெடுப்போருக்கு உதவித்தொகையும் தந்தது. 1994இல் வந்த சட்டம், இனத்தைக் காரணம் காட்டித் தத்தைத் தாமதிப்பதைத் தடுக்க முனைந்தது. 1997ஆம் ஆண்டுச் சட்டம் காலக்கெடுவையே வைத்துவிட்டது: இருபத்திரண்டு மாதத்தில் பதினைந்து மாதம் வளர்ப்பு வீட்டில் கழித்த குழந்தைக்கு, உறவினர் வளர்ப்பு போன்ற விதிவிலக்குகள் தவிர, தத்துக்கு வழிசெய்யும் நடவடிக்கையைத் தொடங்க வேண்டும். ஏழைத் தாய்மாரின் பிள்ளைகளை இது அவசரமாகப் பிரிக்கிறது என்ற வாதமும் இன்றுவரை தொடர்கிறது. ஆனால் குழந்தையின் காலம் பெரியவர்களின் காலம் போன்றதல்ல, மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒன்றரை வருஷம் என்பது பாதி ஆயுள் என்ற உண்மை சட்டத்தில் ஏறிவிட்டது.

நம் நாட்டுக்கு வருவோம். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி எந்த மதத்தவரும் குழந்தையைத் தத்தெடுக்கலாம். மத்திய தத்துவள ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். தத்துக்குப் போக முடியாத குழந்தைகளுக்கு வளர்ப்புக் குடும்ப ஏற்பாடும் உண்டு. 2024இல் வந்த வழிகாட்டுதல்களின்படி இரண்டு ஆண்டுகள் வளர்த்த குடும்பமே அந்தக் குழந்தையைத் தத்தெடுக்கவும் முடியும். விவரம் வேண்டுவோர் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்கலாம். இங்கேயும் கைக்குழந்தை வேண்டுமென்று வரிசையில் நிற்பவர்கள் ஏராளம். ஆறு வயது, எட்டு வயதுப் பிள்ளைகளும், ஊனமுற்ற பிள்ளைகளும், பிரிக்கக் கூடாத அண்ணன் தங்கைகளும் காப்பகத்தில் காத்திருக்கிறார்கள். நிறம் நல்ல நிறமா, குலம் என்ன குலம் என்று வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் மனசுக்குள் கேட்கிறவர்கள் நம்மிடையே இல்லையா?

இந்த மலரைப் படிக்கும் நம்மில் டாக்டர்கள் உண்டு, வக்கீல்கள் உண்டு, ஆசிரியர்கள் உண்டு, அரசு அதிகாரிகள் உண்டு. கையெழுத்துக்குக் காத்திருக்கும் ஒரு குழந்தையின் கோப்பு நம் மேசைக்கும் வரலாம். தத்தெடுத்த பிள்ளையைப் பற்றி உறவுக்காரர்கள் குசுகுசுக்கும் கல்யாண வீட்டில் நாமும் உட்கார்ந்திருக்கலாம். இன்று வகுப்பறையில் இருக்கும் தம்பி தங்கைகள் நாளைக்கு அந்த மேசைகளில் உட்காரப் போகிறவர்கள். எல்லாரும் தத்தெடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இந்தப் பிள்ளையை யார் எடுப்பார்கள் என்று நாமே முடிவு கட்டிவிடாமல், நாலு பேரிடம் கேட்டுப் பார்க்கலாம். பெர்ல் பக் செய்ததும் அதுதான். கேட்டார், கிடைத்தது.